பெயர்நாள் அனுமதி

மாவட்டப் பொதுப்பணி இயக்ககத்தில் ஆட்களைவிடக் குழுக்கள் அதிகம். வேலை பார்ப்பவர்கள் நாற்பது பேர். அவர்களுடைய பொது சர்வரில் குழுக்கள் நூற்றுக்கும் மேல். ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு குழு உண்டு. இறந்துபோனவர்களுக்கும் ஒன்று உண்டு. ஒரு குழுவைக் கலைக்க அதன் உறுப்பினர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும் என்று விதி இருப்பதால் அதை யாரும் தொடவில்லை. எந்தக் கோப்புறையை யார் திறக்கலாம், யார் எட்டிப் பார்க்க மட்டும் செய்யலாம், யார் உள்ளே எதையாவது வைக்கலாம் என்பதெல்லாம் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்த ஏற்பாட்டினால் அலுவலகத்திலிருந்து ஒரு தகவல்கூட இதுவரை வெளியே போனதில்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கும் போனதில்லை.

நெஃபெலி அங்கே பாலங்களைப் பார்வையிடும் பொறியாளர். சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த நவம்பரில் பெத்ரோஹோரி கிராமத்துப் பாலத்தைப் பார்க்கப் போனவள், ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கி, நடுத்தூணின் அடியில் கையை விட்டாள். கை தோள்வரை உள்ளே போயிற்று. அங்கே கான்கிரீட் இருந்திருக்க வேண்டும். தண்ணீர்தான் இருந்தது.

அப்படியே குனிந்து நின்றவளின் தலைக்கு மேல் பள்ளிக்கூடப் பஸ் ஒன்று போனது. பாலம் முனகியது, தூணிலிருந்து மண் உதிர்ந்து அவள் கழுத்துக்குள் விழுந்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஃபோட்டிஸ் கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன இஞ்சினியரம்மா, மீன் புடிக்கிறியா?"

"அண்ணே, இனிமே இந்தப் பாலத்துல வராதீங்க. தூணுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல."

"வராம? புள்ளைங்கள நீந்தச் சொல்லவா?"

"மலையச் சுத்தி ஒரு ரோடு இருக்கில்ல?"

"இருக்கு. ஆனா பஸ்ஸுல பொட்டி ஒண்ணு மாட்டி வச்சிருக்கானுங்க. எழுதிக் குடுத்த வழிய விட்டு ஒரு முழம் நகர்ந்தாலும் மாவட்ட ஆபீஸுல மணி அடிக்கும். மணி அடிச்சா என் வேலை போச்சு. பாலத்த மூடியாச்சுன்னு ஆர்டர் ஒண்ணு வாங்கிக் குடு, நான் பாட்டுக்குச் சுத்திப் போறேன்."

"ரெண்டு நாள்ல வாங்கிக் குடுக்கறேன்ணே."

பஸ்ஸின் ஜன்னல்களில் பதினேழு முகங்கள் தெரிந்தன. ஒரு பெண் குழந்தை அவளுக்குக் கைகூடக் காட்டினாள். நெஃபெலியும் சேற்றுக் கையால் டாட்டா காட்டினாள். ரெண்டு நாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டோமே என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி மாலை அறிக்கை தயார். பாலத்தை உடனே மூட வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். மூடும் ஆணையில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டுமானால், அறிக்கை சர்வரில் 'கையெழுத்துக்கு' என்ற கோப்புறையில் இருக்க வேண்டும். காகித அறிக்கைகளை அமைச்சகம் ஒழித்துவிட்டது. மின்னஞ்சலை இயக்குநர் ஒழித்துவிட்டார். அவள் அறிக்கையை இழுத்துக் கோப்புறையில் போடப் போனாள். 'இங்கே எழுத உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஸ்டமாட்டிஸ். அவர் அறை நிலவறையில் இருந்தது. சர்வரின் தலைமாட்டில் புனித யோர்கோஸ் குதிரையேறி வலுசர்ப்பத்தைக் குத்தும் படத்தை மாட்டி, கீழே ஒரு சிறு விளக்கும் ஏற்றி வைத்திருந்தார். வெண்ணெய் பிஸ்கோத்தின் மாவுச் சர்க்கரையை மீசையிலிருந்து துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார்.

"அந்த ஃபோல்டர்ல எழுதற உரிமை ஏப்ரல் இருபத்திமூணுக்குத்தான் உண்டு கண்ணு."

"ஏப்ரல் வரைக்கும் பாலம் தாங்காது ஸ்டமாட்டிஸ்."

"அய்ய, அது தேதி இல்ல. குழுவோட பேரு."

பிறகு அவர் வரலாற்றைச் சொன்னார். அவருக்கு முன்னால் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் பெயர் யோர்கோஸ். பிறந்தநாளை மறந்தாலும் பெயர்நாளை மறக்காத நாடு அது; எந்தப் புனிதரின் பெயரை வைத்திருக்கிறோமோ அவருடைய திருநாளில் விருந்து வைப்பார்கள். யோர்கோஸ் தன் பெயர்நாளான ஏப்ரல் இருபத்திமூன்றுக்கு அலுவலகத்திலிருந்த மற்ற யோர்கோஸ்களையும் ஒரு யோர்கியாவையும் சேர்த்து முழு ஆட்டுக்குட்டி சுட்டார். விருந்துப் படங்களை எல்லோரும் போட்டுப் பார்க்க ஒரு குழுவை உண்டாக்கினார். எந்தக் கோப்புறைக்கு உரிமை தருவது என்று யோசிக்கச் சோம்பல். வயிறு வேறு நிறைந்திருந்தது. எல்லாவற்றுக்கும் தந்துவிட்டார்.

"அப்புறம் திமித்ரிஸுங்க சும்மா இருப்பாங்களா? எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல்னு வந்தாங்க. அவங்களுக்குச் சாலை டெண்டர் ஃபோல்டர். நிக்கோஸுங்களுக்கு வடிகால். கோஸ்தாஸும் எலேனியும் ஒரே நாள்ல வர்றதால ரெண்டு பேருக்கும் சேத்து ஊழியர் விடுப்பு. கடைசில எல்லாம் ஒழுங்கா அமைஞ்சு, சுற்றறிக்கையே போட்டாச்சு. அதுக்கப்புறம் சண்டையே கிடையாது. நம்ம அனுமதியெல்லாம் புனிதர்கள் கையில இருக்கு."

"நான் எந்தக் குழு?"

ஸ்டமாட்டிஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். நெஃபெலி என்ற பெயரில் புனிதர் யாரும் இல்லை. பழங்காலத்து மேகத் தேவதை ஒருத்தியின் பெயர் அது; திருச்சபைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"புனிதர் இல்லாத பேருக்கெல்லாம் சர்வப் புனிதர் ஞாயிறுன்னு ஒண்ணு இருக்கே. அதுல என்னைச் சேக்கலாமே?"

"சேத்துதான் வச்சிருக்கேன். ஆனா அது ஈஸ்டரப் பொறுத்து வருஷா வருஷம் நகர்ற நாள். நகர்ற நாளுக்கு வருஷம் முழுக்க உரிமை குடுக்க நம்ம சர்வருக்குத் தெரியாது. அதனால அந்தக் குழு அந்த ஞாயித்துக்கெழமை மட்டும் திறக்கும். அடுத்தது ஜூன்ல."

"ஞாயித்துக்கெழமை ஆபீஸ் லீவாச்சே!"

"அதனாலதான் இதுவரைக்கும் புகாரே வரல" என்றார் ஸ்டமாட்டிஸ். ஒரு பிஸ்கோத்தைக் கையிலெடுத்தவர் அதை அவளுக்கு நீட்டாமல் நிறுத்தினார். "மனசுல வச்சுக்காம ஒண்ணு சொல்றேன். மூணு வருஷமா எல்லார் பெயர்நாளுக்கும் வந்து கேக்கு சாப்புடுற. உன் கையால ஒரு துண்டு வந்திருக்கா? மேல நாலு பேர் பேசிக்கறாங்க."

நெஃபெலிக்கு முகம் சிவந்துவிட்டது. தூணுக்கடியில் ஆறு ஓடுகிறது, இந்த மனிதர் கேக் கணக்கு கேட்கிறார் என்று ஆத்திரமாக வந்தது. ஆனால் மறுநாள் காலை அவள் ஒரு பெரிய தட்டு நிறையக் கேக் வாங்கிவந்தாள். எல்லோரும் வாழ்த்துச் சொல்லிச் சாப்பிட்டார்கள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் பாலம் என்றாள். பாலத்துக்கும் வாழ்த்துச் சொன்னார்கள்.

தட்டு காலியானதும் அவள், ஏப்ரல் இருபத்திமூன்று குழுவில் அன்று வந்திருந்த ஒரே ஆளான பெரிய யோர்கோஸின் மேசைக்குப் போனாள். மற்ற யோர்கோஸ்களில் ஒருவர் விடுப்பு, ஒருவர் வேலைநிறுத்தம், யோர்கியா ஆறு மாதமாகப் பயிற்சியில்.

"சார், இந்த ஒரு கோப்பை 'கையெழுத்துக்கு' ஃபோல்டர்ல போட்டுடுங்க. ஒரு நிமிஷ வேலை."

பெரிய யோர்கோஸ் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எல்லா ஃபோல்டர்லயும் உரிமை இருக்கு. தெரியுமில்ல?"

"அதனாலதான் சார் வந்தேன்."

"அதனாலதான் நான் எதையும் தொடறதில்ல. போட்டா என் பேர்ல விழும். நாளைக்குக் கோர்ட்டுல, பாலம் ஆபத்துன்னு சொன்னது யாருன்னு கேப்பான். யோர்கோஸ்னு வரும். பாலம் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னது யாருன்னு யாராவது கேப்பாங்களா? கேக்கவே மாட்டாங்க. உரிமைங்கறது பல்லு மாதிரிம்மா. இருக்கணும். எல்லாத்தையும் கடிக்கக் கூடாது."

"புள்ளைங்க போற பஸ்ஸு சார்."

"தெரியும். கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல" என்றார் அவர். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. கோப்பை மட்டும் தொடவில்லை.

இனி, யாருக்கு எந்த உரிமை என்று முடிவு செய்யும் அனுமதிக் குழுவைத்தான் கூட்ட வேண்டும். கூட்டுவதற்கே ஒரு வாரம் ஆனது, ஏனென்றால் குழுவின் உறுப்பினர் பட்டியல் இருந்த கோப்புறையைத் திறக்கக் குழுவுக்கு அனுமதி இல்லை. ஸ்டமாட்டிஸின் ஞாபகத்தை வைத்து ஆறு பேரைப் பிடித்தார்கள். தலைமை வகித்தவர் இயக்குநர் அபோஸ்டொலிஸ். வெள்ளி முடி, நல்ல குரல். குளிருக்குக் கழுத்துத் துணியை அவிழ்க்காமலே பேசினார்.

"அனுமதிங்கறது என்ன? நம்பிக்கை. ஒருத்தருக்கு அனுமதி குடுத்தா மத்தவங்களை நம்பலைன்னு ஆயிடும். அந்தப் பாகுபாடு என் நிர்வாகத்துல கிடையாது. பதினோரு வருஷமா நான் இயக்குநர். 'கையெழுத்துக்கு' ஃபோல்டர்ல நிலுவைன்னு ஒரு கோப்பு உண்டா? கிடையாது. நிலுவையே இல்லாத இயக்ககம்னு அமைச்சகம் ரெண்டு தடவை கேடயம் குடுத்திருக்கு. இப்ப இந்த அம்மா வந்து அதுல ஒரு கோப்பை வைக்கணும்ங்கறாங்க!"

உறுப்பினர்கள் நெஃபெலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், நான் வாயாலயே சொல்லிடறேன். நடுத்தூணுக்கு அஸ்திவாரம் இல்ல. மழை வலுத்தா பாலம் விழுந்துடும்."

"வாயால சொன்னது காதுக்குள்ள போகும், ஃபைலுக்குள்ள போகாது" என்றார் இயக்குநர் கனிவாக. "நீங்க முறைப்படி ஒரு பெயர்நாளைக் கொண்டு வாங்க. ஞானஸ்நானச் சான்றிதழ்ல ரெண்டாவது பேரு எதாவது இருக்கா?"

இல்லை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் தாராள மனசுக்காரர்; கேட்ட பெயரையே வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆகல இல்ல?" என்றார் ஓர் உறுப்பினர் ஆர்வமாக. "யோர்கோஸ்னு ஒருத்தனைப் பாத்துக் கட்டிக்கிட்டா, கணவர் வழியில சேக்க இடமிருக்கு."

"நிச்சயம் பண்ணா போதுமா, கல்யாணமே ஆகணுமா?" என்று இன்னொருவர் கேட்டார். இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் படிக்கும் உரிமை, திருமணத்துக்கு எழுதும் உரிமை என்று ஒருமனதாக முடிவாகி, பொருத்தமான மாப்பிள்ளை அமைய வாழ்த்தும் தெரிவித்துக் கூட்டத்தை ஒத்திவைத்தார்கள்.

இதற்குள் ஃபோட்டிஸ் தினமும் காலையில் போன் செய்துகொண்டிருந்தார். முதல் நாள் கிண்டலாக, பிறகு கோபமாக. கடைசியில் கோபத்தையும் விட்டுவிட்டார்.

"இஞ்சினியரம்மா, தாளு வந்துச்சா?"

"இன்னும் இல்லண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். ஆறு பொறுக்குமா? தண்ணி ஏறிக்கிட்டே வருது. நான் ஒரு ஏற்பாடு பண்ணிட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் புள்ளைங்கள எறக்கி விட்டுடறேன். ஒருத்தர் பின்னால ஒருத்தரா ஓரமா நடந்து அக்கரைக்குப் போயிடறாங்க. அப்புறம் நான் காலி பஸ்ஸ ஓட்டிக்கிட்டு வர்றேன். வழி மாறல, பொட்டியும் அடிக்கல."

"நீங்கண்ணே?"

"நான் கதவத் தொறந்து வச்சுக்கறேன்" என்றார் ஃபோட்டிஸ்.

அன்று நெஃபெலி கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, போக்குவரத்துக் காவலருக்குப் போன் செய்தாள். இயக்குநரின் ஆணை இருந்தால் ஐந்தே நிமிடத்தில் பாலத்தை மூடுவோம் என்று அவர்கள் மிகுந்த உற்சாகத்தோடு சொன்னார்கள். அவளே போய்ச் சிவப்பு நாடா கட்டினாள். அரசு நாடாவை அனுமதியின்றிக் கட்டியதாக மறுநாளே அது அவிழ்க்கப்பட்டது.

டிசம்பர் முதல் வாரம் இரண்டு நாள் விடாமல் மழை. புதன்கிழமை காலை பிள்ளைகள் குடை பிடித்து நடந்து அக்கரை சேர்ந்து திரும்பி நின்றார்கள். ஃபோட்டிஸ் காலி பஸ்ஸோடு பாதிப் பாலத்தில் இருந்தபோது நடுத்தூண் உட்கார்ந்தது. அவர் திறந்த கதவு வழியாகக் குதித்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, மணிக்கட்டு உடைந்து கரையேறினார். பஸ் கீழே போனது. ஜன்னல்களுக்குள் தண்ணீர் புகுந்து, பதினேழு இருக்கைகளையும் மூடியதை அந்தப் பதினேழு பேரும் நின்று பார்த்தார்கள்.

அனுமதிக் குழு அன்று பத்து நிமிடத்தில் கூடியது. உறுப்பினர் பட்டியலை யாரும் கேட்கவில்லை. முடிவுகள் இரண்டு. முதலாவது, ஓட்டுநர் ஃபோட்டிஸ் மீது நடவடிக்கை.

"பிள்ளைங்க பஸ்ஸுக்குள்ள இருக்கணும். அதுதான் ஒப்பந்தம்" என்றார் இயக்குநர். "பாலம் விழுந்த நேரத்துல ஒரு குழந்தைகூட உள்ள இல்ல. இதைவிடப் பெரிய விதிமீறல் என்ன வேணும்?"

இரண்டாவது, பொறியாளர் நெஃபெலிக்கு எல்லாக் கோப்புறைகளிலும் எழுதும் உரிமை. நவம்பர் பன்னிரண்டு முதல் முன்தேதியிட்டு. ஆணையை அவளிடம் நீட்டும்போது இயக்குநரின் குரலில் தந்தையின் வருத்தம் இருந்தது.

"பார்த்தீங்களா? அன்னையிலேருந்தே உங்களுக்கு அனுமதி இருந்திருக்கு. ஏன்மா வைக்காம விட்டீங்க?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழி இப்போது அவள் மேல்தான். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். நவம்பர் பன்னிரண்டாம் தேதியிட்ட அறிக்கை அவள் கணினியில் ஓர் எழுத்துக்கூட மாறாமல் கிடந்தது. அதை இழுத்து 'கையெழுத்துக்கு' கோப்புறையில் போட்டாள். எழுதிய தேதியோடு அது அங்கே போய் உட்கார்ந்தது. திரை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஏதென்ஸிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கருப்புக் குடையும் பெரிய மூக்குக் கண்ணாடியுமாக ஓர் அம்மாள். பெயரை யாரும் கேட்கத் துணியவில்லை. இயக்குநர் முன்தேதியிட்ட ஆணையை அவர் முன் வைத்தார்.

"பொறியாளருக்கு முழு அனுமதி இருந்தது மேடம். அறிக்கையைத்தான் வைக்கல."

அதிகாரி ஸ்டமாட்டிஸிடம் கோப்புறையைத் திறக்கச் சொன்னார்.

"இருக்கே. நவம்பர் பன்னெண்டு. அனுமதியும் நவம்பர் பன்னெண்டு. மூணு வாரமா உங்க கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. ஏன் போடல?"

இயக்குநரின் கழுத்துத் துணி தானாக அவிழ்ந்தது போலிருந்தது.

"அது அன்னைக்கு அங்க இல்ல மேடம்! அவங்களுக்கு அன்னைக்கு அனுமதியே கிடையாது!"

"கீழ யார் கையெழுத்து இது?"

ஆணையின் அடியில் இருந்தது அவருடைய கையெழுத்துதான். நெஃபெலி மூன்று வாரத்தில் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். இயக்குநர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"மேடம், உண்மையைச் சொல்லிடறேன். அந்த ஃபோல்டரைத் திறக்க எனக்கே அனுமதி இல்ல. என் பெயர்நாள் ஜூன் முப்பது. அதுக்குப் பூங்காப் பராமரிப்பு மட்டும்தான்."

"அப்ப பதினோரு வருஷமா எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டதே இல்லையே!" என்றார் இயக்குநர், நிரபராதி என்று நிரூபித்துவிட்ட நிம்மதியோடு.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது இடி விழப்போகிறது என்று நெஃபெலி நினைத்தாள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் தெரிந்தது மரியாதை.

"அனுமதிக்குத் தேதி சரியா இருக்கு. அறிக்கைக்குத் தேதி சரியா இருக்கு. குறை ஒண்ணே ஒண்ணு, மூடற ஆணை. அதையும் நவம்பர் பன்னெண்டுக்கே போட்டுடுங்க. ஸ்டமாட்டிஸ், இவருக்கு ஃபோல்டரைத் திறந்து விடுங்க, அதே தேதியில."

ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பாலம் நவம்பர் பன்னிரண்டாம் தேதியே மூடப்பட்டது. பஸ் அன்றிலிருந்து மலையைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஃபோட்டிஸ் மீதிருந்த நடவடிக்கை தானாகவே ரத்தானது. யார் மேலும் தவறில்லை. இவ்வளவு சுத்தமான கோப்பைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டு அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இயக்குநர் வாசல்வரை போய் வழியனுப்பினார்.

நெஃபெலி பெத்ரோஹோரிக்குப் போனபோது மாலையாகிவிட்டது. ஃபோட்டிஸ் கையில் மாவுக்கட்டோடு உடைந்த பாலத்தின் முனையில் நின்றிருந்தார். அவள் ஆணையை நீட்டினாள்.

"அண்ணே, உங்க மேல ஒண்ணுமில்ல. எல்லாம் ரத்தாயிடுச்சு. மலையச் சுத்திப் போக ஆர்டரும் வந்துடுச்சு."

ஃபோட்டிஸ் நிதானமாகப் படித்தார். தேதியை இரண்டு முறை படித்தார்.

"சந்தோஷம்மா. புள்ளைங்க இப்ப மழையில அஞ்சு மைல் சுத்தி நடக்கறாங்க. காலைல வேற பஸ் கேட்டு மாவட்ட ஆபீஸுக்குப் போன் போட்டேன். உனக்கு ஒரு பஸ் குடுத்திருக்கு, அது மலை ரோட்டுல நல்லபடியா ஓடிக்கிட்டிருக்குன்னு சர்வர்ல இருக்காம். இருக்கற பஸ்ஸுக்கு மாத்து பஸ் குடுக்க விதியில்லையாம்."

நவம்பர் பன்னிரண்டு தேதியோடு அறிக்கையை முதலில் உள்ளே போட்டது தன் கைதான் என்பது நெஃபெலிக்கு நினைவு வந்தது. அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஃபோட்டிஸ் மாவுக்கட்டுக் கையால் கீழே காட்டினார். கலங்கல் தண்ணீருக்கு மேலே பஸ்ஸின் மஞ்சள் கூரையும் ஒரு பக்கக் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன.

"நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. அப்ப இங்க கெடக்கறது யாரோட பஸ்ஸு?"